பிராக்ஸி பேக் கோப்பில் உள்ள பிழைகளைத் திருத்தித் தரக் கோரி

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மையீர்,

பொருள்: தாங்கள் வழங்கிய பேக் கோப்பினால் இணையப் பக்கங்கள் தாமதமாவது – புகார்

எந்தத் தளத்தை நேரடியாகவும் எதைப் பிராக்ஸி என்ற இடைநிலை சர்வர் வழியாகவும் எடுக்க வேண்டும் என்று பிரௌசருக்குச் சொல்வது பேக் (PAC) கோப்பு. தங்கள் பேக் கோப்பின் முகவரியைக் கொடுத்துள்ள எங்கள் கணினிகள் அனைத்திலும் பக்கங்கள் திறக்க நெடுநேரம் ஆகிறது. உதவி மையத்தைக் கேட்டால், கேஷை அழிக்கச் சொல்கிறார்கள். கோளாறு பிரௌசரில் இல்லை. அதே கணினியில் பிராக்ஸி முகவரியையும் 8080 போர்ட்டையும் நாமே உள்ளிட்டால் அதே பக்கம் உடனே வந்துவிடுகிறது.

கோப்பில் முதல் வரியே தவறு. டிஎன்எஸ்ரிசால்வ் (dnsResolve) என்ற கட்டளை மூலம் தளத்தின் ஐபி முகவரியைக் கண்டுபிடித்து, அது உள் வலையமைப்புக்குரிய 10.0.0.0 வரம்புக்குள் வருகிறதா என்று இஸ்இன்நெட் (isInNet) கட்டளை கொண்டு சோதிக்கிறீர்கள். பிரௌசர் இந்தக் கோப்பைப் பக்கத்துக்கு ஒருமுறை மட்டும் கேட்பதில்லை. உள்ளே வரும் படம், ஸ்கிரிப்ட், விளம்பரம் என ஒவ்வொன்றுக்கும் கேட்கிறது. தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் எங்கள் உள் டிஎன்எஸ் சர்வர், வெளிப் பெயர்களுக்குப் பதில் தராது. வெளிப் பெயர்களைத் தேடுவது பிராக்ஸியின் வேலை என்று அப்படி அமைக்கச் சொன்னதும் தாங்கள்தான். ஆகவே ஒவ்வொரு புதிய பெயருக்கும் டைம்அவுட் ஆகும்வரை பிரௌசர் காத்துக் கிடக்கிறது.

டிஎன்எஸ்ரிசால்வை மட்டும் எடுத்துவிட்டால் போதாது. பெயரைக் கொடுத்தால் இஸ்இன்நெட்டும் டிஎன்எஸ்ஸைத்தான் கேட்கும். இஸ்பிளெய்ன்ஹோஸ்ட்நேம் (isPlainHostName), டிஎன்எஸ்டொமைன்இஸ் (dnsDomainIs) ஆகிய இரண்டு கட்டளைகளும் டிஎன்எஸ்ஸைக் கேட்காமல் பெயரின் எழுத்தை மட்டுமே பார்ப்பவை. உள் தளங்களை அவற்றால் முதலில் பிரித்து 'டைரக்ட்' (பிராக்ஸி இல்லாத நேரடி இணைப்பு) கொடுங்கள். ஹோஸ்ட், அதாவது தளத்தின் பெயர், எண்களால் ஆன ஐபி முகவரியாக இருந்தால் மட்டும் இஸ்இன்நெட்டுக்கு அனுப்புங்கள். மற்றவை நேராகப் பிராக்ஸிக்குப் போகட்டும்.

அடுத்தது, ஒப்பந்தத்தில் இரண்டு பிராக்ஸிகள். கோப்பு திருப்பித் தருவதோ ஒன்றைத்தான். அது நின்றால் இணையமே நிற்கிறது. இரண்டையும் அரைப்புள்ளியிட்டு வரிசையாக எழுதுங்கள். கடைசியில் 'டைரக்ட்' சேர்க்க வேண்டாம். பிராக்ஸியில் நடக்கும் வடிகட்டலைத் தாண்டிப் போக வழி திறப்பதைவிட இணைப்பு நிற்பதே எங்களுக்கு மேல். செயலிழந்த பிராக்ஸியை ஃபயர்பாக்ஸ் இயல்பாக 30 நிமிடம் கழித்தே மீண்டும் முயலும் என்பதால் பராமரிப்பு நேரத்தை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

எச்டிடிபிஎஸ் முகவரியில் தளப் பெயருக்குப் பின் வரும் பாதையைப் பார்த்து முடிவெடுக்கும் விதிகளையும் நீக்கிவிடுங்கள். குரோம் 2016 முதலே அந்தப் பாதையைப் பேக் கோப்புக்குக் காட்டுவதில்லை. அவ்விதிகள் ஒருபோதும் பொருந்தப் போவதில்லை.

இதற்கு மாற்றாக, பேக் கோப்பைப் பிரௌசர் தானாகவே கண்டுபிடிக்கப் பயன்படும் 'டபிள்யூபேட்' (WPAD) என்ற பெயரை டிஎன்எஸ்ஸில் சேர்க்கத் தங்கள் பொறியாளர் சொன்னார். விண்டோஸ் டிஎன்எஸ் சர்வரின் தடைப்பட்டியலில் அந்தப் பெயர் இயல்பாகவே இருக்கிறது. பாதுகாப்புக்காக வைத்த அந்தத் தடையை எடுக்க மாட்டோம். அப்படியே எடுத்தாலும் பிரௌசருக்குக் கிடைக்கப்போவது இதே பழுதான கோப்புதான்.

திருத்திய கோப்பை நடப்பிலுள்ள முகவரியில் ஏற்றாமல், 7 வேலை நாட்களுக்குள் வேறொரு முகவரியில் வையுங்கள். சில கணினிகளில் சோதித்துப் பார்த்து ஒப்புதல் தருகிறோம். அதுவரையிலான மாதக் கட்டணத்தை நிறுத்தி வைக்கவும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கணினிப் பிரிவுப் பொறுப்பாளர்