திரிபல் வேறு, திரிபலா வேறு

ஆசிரியருக்கு,

கோவா, கொங்கண் கடற்கரைப் பக்கம் மீன் குழம்பில் போடும் 'திரிபல்' என்ற மசாலா பற்றி இப்போது நம்மூரிலும் பேச்சு அடிபடுகிறது. நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் கலந்த திரிபலா பொடியை நீட்டிவிடுவார்கள். பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள். திரிபல் என்பது ஒரு முள் மரத்தின் காய்ந்த பழத்தின் மேல் ஓடு; மிளகைவிடச் சற்றுப் பெரிய, வாய் பிளந்த பழுப்புத் தோடு. எலுமிச்சைத் தோல் வாசம் வரும்.

உள்ளே பளபளக்கும் கறுப்பு விதையை எறிந்துவிட வேண்டும். அரைத்தால் மணல் மாதிரி நெறுநெறுக்கும். அரைக் கிலோ அயிலைக்கோ சாளைக்கோ எட்டு, பத்து தோடு போதும். தேங்காயோடு சேர்த்து அரைக்காதீர்கள், கசந்துவிடும். லேசாகத் தட்டிக் கொஞ்சம் தண்ணீரில் ஊறவைத்து, குழம்பு கொதிக்கும்போது அந்தத் தண்ணீரோடு ஊற்றுங்கள். இஞ்சி, பூண்டு வேண்டாம். இதன் வாசம் அமுங்கிப்போகும். பொடித்து வைத்தாலும் சீக்கிரம் வாசம் போய்விடும்.

பல்வலிக்கு ஒரு தோட்டைக் கடித்து வைத்தால் நாக்கு சுறுசுறுத்து மரத்துப்போகும். வட அமெரிக்காவில் இதன் இன மரத்துக்குப் பல்வலி மரம் என்றே பெயர். ஆனால் மரப்பது கொஞ்ச நேரம்தான். சொத்தை அப்படியே இருக்கும். கன்னம் வீங்கினால் பல் டாக்டரிடம்தான் போகவேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இந்த மரம் உண்டு. அடிமரத்துக் கூம்பு முள்ளைப் பார்த்து இலவ மரத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். இலவ இலை விரல் விரித்த கை போல. இதன் இலை வேப்பிலை போல இருபுறமும் அடுக்கியிருக்கும், கசக்கினால் மணக்கும். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் போய்ப் பட்டை உரிப்பது குற்றம். கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

- ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்