ஆலயத்துக்குப் பின்னால் ஒரு குளியலறை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நடைபாதையில் வாழ்பவர்களைப் பற்றிச் சென்ற வாரம் நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்ததிலிருந்து மனம் அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது. அரசு என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதியிருந்தீர்கள். சரி, அது வேண்டியதுதான். நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள், ஓய்வு பெற்ற ஆசிரியை. எங்கள் பக்கம் நாங்கள் என்ன செய்யாமல் இருக்கிறோம் என்பதையும் யாராவது சொல்ல வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

வடசென்னையில் எங்கள் ஆலய மதிலை ஒட்டி நாலைந்து குடும்பங்கள் இருக்கின்றன. யாரும் பிச்சை எடுப்பவர்கள் இல்லை. ஆண்கள் மூட்டை தூக்குகிறார்கள், மீன்பாடி வண்டி ஓட்டுகிறார்கள். பெண்கள் பூ கட்டி விற்கிறார்கள், வீட்டு வேலைக்குப் போகிறார்கள். பாரிமுனை, வால்டாக்ஸ் சாலைப் பக்கம் போனால், பாட்டி காலத்திலிருந்து அதே நடைபாதையில் இருப்பவர்களைப் பார்க்கலாம்.

மதிலோரம் பூ விற்கும் ஓர் அம்மா என்னோடு நன்றாகப் பேசுவார். போன கத்திரி வெயிலில் ஒரு நாள், மாலைத் திருப்பலி முடிந்து வந்தபோது என் தண்ணீர் பாட்டிலை அவரிடம் நீட்டினேன். வேண்டாம் என்றார். பொழுது சாய்ந்த பிறகு அவர் தண்ணீரே குடிப்பதில்லையாம். “குடிச்சா ராத்திரி எழுந்து போகணும் டீச்சர். எங்க போறது?” அங்கே பக்கத்தில் இருக்கும் கட்டணக் கழிப்பிடத்தை இரவில் பூட்டிவிடுகிறார்கள். குளியல் விடியற்காலை நாலு மணிக்கு, கட்டிய புடவையோடு, தெருக்குழாய் ஓரத்தில். மகள் ஒரு போர்வையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

அந்தப் போர்வை நாங்கள் கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தது. டிசம்பரில் மட்டும் அவருக்குப் பல குழுக்கள் கொடுத்து ஐந்து போர்வை சேர்ந்துவிட்டது. ஐந்தையும் எங்கே வைப்பது? ரேஷன் அட்டை, ஆதார், மகளின் பள்ளிச் சான்றிதழ், எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் இன்னொரு கவர் போட்டுச் சுருட்டித் தலைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறவர் அவர். பகலில் பூக்கூடையோடு அதையும் தூக்கிக்கொண்டு திரிகிறார். மழை வந்தால் முதலில் அதைத்தான் மார்போடு அணைத்துக்கொள்கிறார்.

மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தை நாங்கள் எத்தனை முறை கேட்டிருப்போம்! பசியாயிருந்தவருக்கு உணவு, தாகமாயிருந்தவருக்குத் தண்ணீர், அடுத்து, அன்னியராக வந்தவரை ஏற்றுக்கொள்வது. முதல் இரண்டையும் எங்கள் பங்கு, அதாவது எங்கள் ஆலயத்தைச் சேர்ந்த மக்கள், மனதாரச் செய்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஞாயிறு தோறும் சாப்பாட்டுப் பொட்டலம் போகிறது. வின்சென்ட் தே பவுல் சபையார் ஏழைகளின் வீடு தேடிப் போய் உதவுகிறார்கள். வீடே இல்லாதவரை எந்த வாசலில் போய்ப் பார்ப்பது? மூன்றாவதை வாசிக்கும்போது எங்கள் குரல் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறது. எல்லாம் கேட்டுக்கு வெளியே கொடுக்கிறோம். கேட்டுக்கு உள்ளே யாரையும் விடுவதில்லை.

ஆலயத்துக்குப் பின்னால் திருவிழாவுக்கு வரும் கூட்டத்துக்காகக் கட்டிய நான்கு கழிப்பறைகளும் இரண்டு குளியலறைகளும் உள்ளன. கொடியேற்றத்திலிருந்து பத்து நாள் திறந்திருக்கும், மற்ற நாளெல்லாம் பூட்டு. அதை மதிலோரப் பெண்களுக்குத் திறந்துவிடலாமே என்று, ஆலயக் காரியங்களைப் பேசும் குழுவான பங்குப் பேரவையில் கேட்டேன். அசுத்தமாகிவிடும் என்றார் ஒருவர். பழகிவிட்டால் போக மாட்டார்கள் என்றார் இன்னொருவர். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, போர்வைக்குப் பணம் கொடுத்தவர்களும் அவர்களே. அசுத்தமானால் கழுவலாம். பழகிவிடட்டுமே, அதற்காகத்தானே கேட்கிறேன்?

மாநகராட்சிக் காப்பகத்துக்குப் போகச் சொல்லலாமே என்றும் ஒரு பேச்சு வந்தது. லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் என்ற கணக்கில், வருடம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் உத்தரவிட்டது. சென்னையில் காப்பகங்கள் இருக்கின்றன, நல்லபடி நடப்பவையும் உண்டு. ஆனால் பலவற்றில் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. புருஷனை ஒரு பக்கம், பிள்ளையை ஒரு பக்கம் விட்டுவிட்டு, அதிகாலைப் பூ மார்க்கெட்டையும் விட்டுவிட்டு அந்தப் பூக்கார அம்மா எப்படிப் போவார்? 2011 கணக்கெடுப்பில் பிப்ரவரி 28ஆம் தேதி ராத்திரி தெருத்தெருவாகப் போய் எண்ணியபோது நாட்டில் வீடற்றவர்கள் 17.7 லட்சம் பேர். அத்தனை பேருக்கும் அரசு இடம் கட்டி முடிக்கும்வரை எங்கள் குழாய் பூட்டியே கிடக்க வேண்டுமா?

ரோமில் நடந்த ஒன்றைப் பேரவையில் சொன்னேன். திருத்தந்தை (போப்) பிரான்சிஸின் தர்மப் பணிகளைக் கவனித்துவந்த பேராயர் கான்ராட் க்ராயெவ்ஸ்கி, தெருவில் வாழ்ந்த ஒருவரைச் சாப்பிடக் கூப்பிட்டார். என் மேல் நாற்றம் அடிக்கிறது, நான் வரவில்லை என்று அவர் தயங்கினார். ரோமில் சாப்பாடு எங்காவது கிடைத்துவிடும், குளிக்கத்தான் இடமில்லை என்பது பேராயருக்கு அன்று தெரிந்தது. 2015 பிப்ரவரியில் வத்திக்கானில் புனித பேதுரு சதுக்கத்துத் தூண் வரிசைக்குப் பக்கத்திலேயே வீடற்றவர்களுக்குக் குளியலறைகள் திறந்தார்கள். திங்கட்கிழமைகளில் முடி திருத்தவும் ஆள் வைத்தார்கள். உலகமே வந்து பார்க்கும் அந்த இடத்தில் முடிந்தது நம் தெருவில் முடியாதா?

வரும் நவம்பரில் எங்கள் திருச்சபை ஏழைகளுக்காகக் கொண்டாடும் உலக வறியோர் நாள் வருகிறது. 2017 முதல் கொண்டாடுகிறோம். எங்கள் பங்கில் வழக்கம்போல் பிரியாணி போடுவார்கள். போடட்டும். அப்புறம் அன்றைக்கே அந்தப் பின்பக்கக் கதவையும் திறக்கட்டும். காகிதங்களை வைக்கப் பூட்டு போட்ட ஓர் அலமாரியும் கொடுத்தால், அந்த அம்மா கவரைச் சுமக்காமல் பூ விற்கப் போவார்.

விடியற்காலை நாலு மணிக்குத் திறந்து ஆறு மணிக்குப் பூட்டுகிறேன், கழுவும் செலவு என்னுடையது, சாவியை மட்டும் கொடுங்கள் என்று பேரவைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்னோடு நிற்க மாதா சபையில் இரண்டு பெண்கள் சம்மதித்திருக்கிறார்கள். இன்னும் பதில் வரவில்லை. உங்கள் வாசகர்களில் யாருடைய ஆலயத்திலாவது, எந்தச் சபையாக இருந்தாலும் சரி, இப்படித் திறந்துவிட்டிருந்தால் எப்படி நடத்துகிறீர்கள் என்று இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அதைக் கையில் எடுத்துக்கொண்டு போவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
வடசென்னை