17 வருஷமா விரல்ல மை இல்ல

மாப்ள,

முட்டி வலி எப்படி இருக்கு? தைலத்தையே தேச்சுக்கிட்டு இருக்காம டாக்டர பாரு. இங்க சவுத் ஆப்பிரிக்கா டர்பன்ல இப்ப குளிரு, 12 டிகிரிக்கே ஸ்வெட்டரான்னு நீ சிரிப்ப.

சட்டசபை எலக்‌ஷனுக்கு வருவியான்னு கேட்டிருந்த. பேரே லிஸ்ட்ல இல்லையேடா. ஊர்ல இல்லாதவன் பேர எடுத்துட்டாங்க, அது நியாயம்தான், ஆனா வெளிநாட்டுல இருக்கவன் தனியா 6ஏ ஃபார்ம் போட்டு சேந்துக்கலாம்னு 2011லயே வந்துடுச்சாம், எனக்கு போன மாசம்தான் தெரியும். வேற நாட்டு சிட்டிசன்ஷிப் வாங்கியிருக்கக் கூடாது, பாஸ்போர்ட்ல இருக்க அட்ரஸ்லதான் ஓட்டு. கூத்து என்னன்னா ஒரிஜினல் பாஸ்போர்ட்டோட நேர்ல வந்துதான் போடணும். தபால் ஓட்டு கிடையாது, எம்பஸிலயும் கிடையாது. நமக்கு பதிலா வேற ஆளு போடலாம்னு 2018ல லோக்சபால ஒரு மசோதா பாஸாச்சு, ராஜ்யசபால எடுக்காமயே காலாவதி ஆயிடுச்சு. 2024ல பதிஞ்சிருந்தது 1,19,374 பேரு, வந்து போட்டது 2,958, அதுலயும் பெரும்பாலும் கேரளாக்காரங்க. கல்ஃப்ல இருந்து நாலு மணி நேரத்துல வந்துடுவான், நான் துபாய்ல மாறி வந்து சேர ஒரு நாளாவும். இங்கயும் எனக்கு ஓட்டு இல்ல, வெறும் பர்மனென்ட் ரெசிடென்ட்தானே.

பக்கத்து வீட்டு ஆயாவோட பேத்தி லண்டன்ல நர்ஸு. 2024 மே 18 அன்னிக்கி டிராஃபால்கர் ஸ்கொயர்ல இருக்க சவுத் ஆப்பிரிக்கா ஹவுஸ்ல, அதான் இந்த நாட்டு தூதரகத்துல, கியூல நின்னு இந்த நாட்டு எலக்‌ஷனுக்கு போட்டுட்டு வந்துட்டா. இங்கிலாந்துல டீச்சரா இருந்த ஒருத்தர் கேஸ் போட்டு 2009ல ஜெயிச்சதுல வந்த வழி அது.

நான் ஆயாகிட்ட, 17 வருஷமா எங்கூரு கண்மாய்ல தண்ணி இருக்கா இல்லையான்னே தெரியாதவன் எதுக்கு எம்எல்ஏவ முடிவு பண்ணணும்னேன். நெசமாவே அந்த சந்தேகம் எனக்கு இருக்குடா. ஆயாவுக்கு கோவம் வந்துடுச்சு. டர்பன் இருக்க இந்த நேட்டால்ல இந்தியருக்கு ஓட்டு இல்லன்னு சட்டம் வந்தது 1896ல, ஆயா மொத மொத ஓட்டு போட்டது 1994ல, அப்ப அவங்களுக்கு 51 வயசு! (நடுவுல 1984ல இந்தியருக்குன்னு தனி சபை வெச்சு ஒரு எலக்‌ஷன் நடந்துச்சு, ஆயா அந்தப் பக்கமே போகலையாம்.) "பேரு இருக்கட்டும், போறதும் போகாததும் ஒன் இஷ்டம்"னு ஒடஞ்ச தமிழ்ல ஒரே திட்டு.

அதனால ஃபார்ம் போடப் போறேன். வந்தா வந்தேன், இல்லாட்டி இல்ல. அம்மாவோட ஓட்டர் கார்டு ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பு, பாகம் எண் எதுன்னும் பாத்து சொல்லு. கை ஆடாம எடுடா, போன தடவ நீ அனுப்பின பட்டால ஒரு எழுத்து புரியல.