காக்கோலித் வகைப்பாடு: அளவுக்கு முன் அமைப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

கடல் மிதவை உயிரிகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் வந்த கட்டுரையைப் படித்தோம். கடல் பாசிகளின் நுண்ணிய சுண்ணத் தகடுகளான காக்கோலித்துகளைச் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் பிரித்துவிட்டால் வகைப்பாடு முடிந்தது என்பதுபோல் அதில் எழுதப்பட்டிருந்தது. சேலத்தில் புவியியல் படிக்கும் மாணவர்கள் இதையே பாடமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறோம்.

காக்கோலித்தோஃபோர் ஒற்றைச் செல் பாசி. அது தன் உடலைச் சுற்றி அடுக்கிக்கொள்ளும் கால்சைட் தகடுதான் காக்கோலித். செல் இறந்ததும் தகடுகள் கழன்றுவிடும் என்பதால் கடலடிச் சேற்றில் கிடைப்பவை பெரும்பாலும் உதிரித் தகடுகளே. இன்றைய கடல்களில் மிக அதிகமாக வாழும் எமிலியானியா ஹக்ஸ்லேயி, வெப்பக் கடல்களில் பரவலான ஜெஃபைரோகாப்சா ஓஷியானிகா, அழிந்துபோன ரெட்டிகுலோஃபெனெஸ்ட்ரா ஆகிய எல்லாம் நோயெலேர்ஹாப்டேசியே என்ற ஒரே குடும்பம்.

இந்தக் குடும்பத்தை அடையாளம் காண அளவுகோல் தேவையில்லை. துருவ ஒளி (ஒரே தளத்தில் அதிரும் ஒளி) போதும். ஒவ்வொரு தகட்டிலும் மேல்தட்டு, கீழ்த்தட்டு என்று இரண்டு அடுக்குகள் உண்டு. காக்கோலித்தின் விளிம்பில் இரண்டு வகைப் படிகங்கள் உண்டு. ஒரு வகையின் ஒளி அச்சு (ஒளி இரண்டாகப் பிரியாமல் செல்லும் திசை) செங்குத்தாக நிற்கும். மற்றதன் அச்சு ஆரம்போல வெளிப்புறம் சாய்ந்திருக்கும். செங்குத்து அச்சுப் படிகத்தை மேலிருந்து பார்த்தால் கிராஸ்டு நிக்கலில், அதாவது இரண்டு துருவ வடிகட்டிகளைக் குறுக்காக வைத்த நிலையில், அது இருண்டு போகும். ஆரப் படிகம் பளிச்சென்று தெரியும். வேறு குடும்பத்தைச் சேர்ந்த காக்கோலித்தஸ் பெலாஜிகஸின் மேல்தட்டு செங்குத்து வகை, ஆகவே அது இருட்டு. கீழ்த்தட்டு மட்டும் ஒளிரும். நோயெலேர்ஹாப்டேசியேவில் செங்குத்துப் படிகங்கள் பெயரளவுக்கே எஞ்சியுள்ளன. இரண்டு தட்டுகளும் ஆரப் படிகங்களால் ஆனவை என்பதால் தகடு முழுவதும் ஒளிர்ந்து, நடுவே ஒரு கருஞ்சிலுவை தெரியும். நுண்ணோக்கியின் மேடையைச் சற்றுத் திருப்பிப் பார்த்தாலே குடும்பம் தெரிந்துவிடும்.

பேரினத்துக்கு நடுப்பகுதியைப் பார்க்க வேண்டும். அங்குள்ள துவாரத்தின் குறுக்கே பாலம் இருந்தால் ஜெஃபைரோகாப்சா. பாலம் இல்லாமல் நுண்வலை மட்டும் இருந்தால் ரெட்டிகுலோஃபெனெஸ்ட்ரா. மேல்தட்டின் படிகங்களுக்கிடையே பிளவுகள் இருந்தால் எமிலியானியா. தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. கரைப்பு ஏற்பட்ட சேற்றில் முதலில் போவது பாலமும் வலையும். பாலம் இழந்த சிறிய ஜெஃபைரோகாப்சாவை ரெட்டிகுலோஃபெனெஸ்ட்ரா என்று எழுதிவிடுவார்கள். சுண்ணப் பாறையில் இதற்கு நேர்மாறு நடக்கும்: பிற்காலத்தில் படிந்த கால்சைட் துவாரத்தை அடைத்துவிட, நடுப்பகுதி மூடிய டிக்டியோகாக்கைட்டஸ் என்று வேறு பேரினம் சொல்லப்படும். பாதுகாக்கப்பட்ட விதத்தைப் பேரினம் என்று பதிவு செய்வது பெரிய பிழை. எமிலியானியாவின் பிளவுகளோ ஒளி நுண்ணோக்கியின் எல்லையில் இருப்பவை. அங்கே எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் இல்லாமல் உறுதி சொல்லக் கூடாது.

அளவு இதற்குப் பிறகுதான் வர வேண்டும். ரெட்டிகுலோஃபெனெஸ்ட்ராவில் 3, 5, 7 மைக்ரான் கோடுகள் நம் வசதிக்காகப் போட்டவை. ரெட்டிகுலோஃபெனெஸ்ட்ரா சூடோஅம்பிலிகஸ் என்ற பெயரைச் சிலர் 5 மைக்ரானுக்கு மேற்பட்டவற்றுக்கும், சிலர் 7-க்கு மேற்பட்டவற்றுக்கும் தருகிறார்கள். சுமார் 37 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அது மறைந்ததைப் பாறை அடுக்குகளின் வயதைப் பிரிக்கும் படிவ எல்லையாகக் கொள்கிறோமே, எந்தக் கோட்டை எடுத்தோம் என்று சொல்லாவிட்டால் அந்த எல்லையே நகர்ந்துவிடும். 100 தகடுகளையாவது அளந்து, பரவல் வரைபடத்தையும் சேர்த்துத் தருவதே நேர்மையான வழி.

உயிருள்ளவற்றில் இன்னொரு சிக்கல். 1902-இல் லோமான் ஹக்ஸ்லேயி என்று பெயரிட்ட இனத்துக்கு 1967-இல் ஹே, மோலர் இருவரும் எமிலியானியா என்ற தனிப் பேரினம் தந்தார்கள். ஆனால் உயிரிகளின் உறவை ஒப்பிட உதவும் 18எஸ் மரபணு அதிலும் ஜெஃபைரோகாப்சா ஓஷியானிகாவிலும் ஒன்றேதான். அது ஜெஃபைரோகாப்சாவுக்குள்ளிருந்தே சுமார் 2.9 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கிளைத்தது. ஆகவே ஜெஃபைரோகாப்சா ஹக்ஸ்லேயி என்பதே உறவுமுறைக்குப் பொருந்தும் பெயர் என்பது எங்கள் கருத்து.

நம் ஊருக்குச் சாதகமான செய்தி ஒன்று உண்டு. சேர்வராயன் மலைச் சார்னோக்கைட் பாறையைச் சீவிப் பார்க்கும் அதே துருவ நுண்ணோக்கி இதற்கும் போதும். கூடுதலாக வேண்டியது 100 மடங்கு எண்ணெய் லென்ஸ். அது துருவ ஒளிக்கென்று செய்ததாக இருக்க வேண்டும். உயிரியல் ஆய்வக லென்ஸில் கண்ணாடியின் உள்தகைவே சாம்பல் ஒளி காட்டி ஏமாற்றும். மேடை மையத்தைச் சரிசெய்யாமல் திருப்பினால் தகடு பார்வையை விட்டே ஓடிவிடும். குண்டூசித் தலையளவு சேற்றைக் கவர் கிளாஸில் இரண்டு சொட்டு நீரில் கரைத்து, பல்குச்சியால் தீற்றி, மிதமான சூட்டில் உலர்த்தி, கனடா பால்சம் என்ற ஒளிபுகும் பிசினில் ஒட்டினால் ஸ்லைடு தயார். தீற்றல் தடித்தால் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சிலுவை தெரியாது. காய்ச்சி வடித்த நீர் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து அமிலமாகிப் பாலங்களைத் தின்றுவிடும். ஒரு சொட்டு அமோனியா விட்டு பிஎச் 8.5 அளவில் வைக்க வேண்டும்.

சேறு எங்கிருந்து? சேலத்து வெள்ளைக்கல் உதவாது. அது மக்னசைட், கடல் உயிரி செய்ததல்ல. குளிர்ந்த நீர்த்த அமிலத்தில் அது பொங்குவதே அரிது. அரியலூர்ப் படிவுகள் டைனோசர்கள் வாழ்ந்த கிரிடேஷியஸ் காலத்தவை. இந்தக் குடும்பம் அதற்குப் பிந்திய ஈயோசீனில்தான் வருகிறது, ஆகவே அங்கும் தேட வேண்டாம். ஆழ்கடல் சேறோ, அந்தமானின் ரிட்சி தீவுக்கூட்டத்து, ஈயோசீனுக்கும் பிந்திய நியோஜீன் காலச் சுண்ணப் படிவோ தேவை. ஸ்லைடு சீட்டில் இனப்பெயரோடு மாதிரியின் ஆழம், எடுத்துக்கொண்ட அளவுக் கோடு, பாலம் முழுதாக இருந்ததா உடைந்ததா என்ற மூன்றையும் எழுதச் சொல்லுங்கள்.

புவியியல் ஆசிரியர்கள்,
சேலம்