ஒரு ரைஸ் குக்கரும் பிரபாவின் மௌனமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பாயல் கபாடியா இயக்கி, 2024ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் கிராண்ட் பிரி விருது பெற்ற 'ஆல் வீ இமேஜின் ஆஸ் லைட்' படத்தை அண்மையில்தான் பார்த்தேன். விருதைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். என் மனத்தில் நிற்பது ஒரு ரைஸ் குக்கர். மணமுடித்ததும் ஜெர்மனிக்குப் போய், பேசுவதையும் நிறுத்திவிட்ட கணவன் அனுப்பியிருக்கலாம் என்று தோன்றும், அனுப்புநர் பெயரில்லாத அந்தக் குக்கரை, மும்பையில் பணிபுரியும் மலையாளச் செவிலி பிரபா இரவில் தரையில் அமர்ந்து அணைத்துக்கொள்கிறாள். வசனமே இல்லை, பிரபாவாக நடிக்கும் கனி குஸ்ருதியின் தோள்களே எல்லாவற்றையும் சொல்லிவிடுகின்றன. பின்னர் இரத்தினகிரிக் கடற்கரைக் கிராமத்தில் அவள் அந்தக் காத்திருப்பைத் தானே முடித்துக்கொள்வதையும் இயக்குநர் முழக்கமின்றியே காட்டுகிறார். (நம் படங்களில் அங்கே ஒரு பாட்டு நிச்சயம் வந்திருக்கும்.)

வீட்டுக்கு ஆவணம் இல்லாததால் கட்டுமான நிறுவனத்திடம் தோற்று ஊர் திரும்பும் மருத்துவமனைச் சமையற்காரர் பார்வதியின் கதை, தாராவித் தமிழர்களுக்கு விளக்கத் தேவையில்லாதது. இங்குள்ள தமிழ் அமைப்புகள் தமிழ்த் துணைத்தலைப்புகளுடன் இப்படத்தைத் திரையிட்டால், என் அம்மாவையும் அழைத்துச் சென்று மறுபடி பார்ப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மாட்டுங்கா, மும்பை