குழாய் போகும் ஊருக்கும் பயிற்சி வேண்டும்

ஐயா,

திருவாரூர் மாவட்டத்தில் எங்கள் வயலோரம் எரிவாயுக் குழாய் போகிறது. பேரிடர் தன்னார்வலர் பயிற்சியில் வெள்ளம், பாம்புக்கடி எல்லாம் சொல்லித் தந்தார்கள். சரி, வாயு கசிந்தால்? காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாகவோ, காற்றுக்குக் குறுக்காகவோ விலக வேண்டும், கசிவருகே செல்போனைத் தொடக் கூடாது என்பதெல்லாம் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர் ஒருவர் டீக்கடையில் சொல்லித்தான் தெரியும்.

2014 ஜூனில் ஆந்திராவில் நகரம் என்ற கிராமத்தில் எரிவாயுக் குழாய் வெடித்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அமெரிக்காவில் உள்ளூர் தீயணைப்பு வீரர்களை இதற்கென்றே பழக்க அரசு மானியம் தருகிறது. நம் அரசும் குழாய் போகும் ஊராட்சிகளுக்கு அப்படியொரு தொகை ஒதுக்க வேண்டும். கம்பெனிக்காரர்கள் வேலிக்குள் மட்டும் ஒத்திகை நடத்தினால் எங்களுக்கு என்ன பயன்?

– ஒரு விவசாயி, மன்னார்குடி