பேரிடருக்குப் பின் பிரசங்க பீடத்தில் ஏறும் போதகர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான போதகர்களுக்கும் ஆயர்களுக்கும் ஸ்தோத்திரம்.

நிலநடுக்கமோ வெள்ளமோ புயலோ ஓர் ஊரைச் சிதைத்துப்போட்ட பிறகு வரும் முதல் ஞாயிற்றுக்கிழமையில், காணாமற்போனவர்களை இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்களும் அடக்க ஆராதனையை முடித்துவிட்டு நேரே வந்தவர்களும் உங்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். அன்று நீங்கள் சொல்லும் வார்த்தைகள், தேவனைப் பற்றி அவர்கள் ஆயுள் முழுவதும் நினைக்கப்போவதில் பெரும்பங்கை முடிவு செய்துவிடக்கூடும். ஆகவே உங்களிடம் மன்றாடிக் கேட்கிறேன்: அந்த நாளில், நடந்ததற்கு இன்னதுதான் காரணம் என்று தேவனுடைய பெயரால் சொல்லாதீர்கள்.

'இது பாவத்துக்கு வந்த நியாயத்தீர்ப்பு' என்ற பிரசங்கம் புதியதல்ல. 1755 நவம்பர் 1 அன்று, சகல பரிசுத்தவான்களின் திருநாளில், ஆலயங்கள் நிரம்பியிருந்த காலை வேளையில் போர்ச்சுக்கல் நாட்டின் தலைநகரான லிஸ்பன் நிலநடுக்கத்தில் அதிர்ந்தது. கூரைகள் வழிபட வந்தவர்கள் மேலேயே சரிந்தன. பின்பு தீயும் கடலும் மிச்சத்தைக் கொண்டுபோயின. அதற்கு இயற்கைக் காரணம் தேடுவதே தவறு, நகரத்தாரின் பாவமே காரணம் என்று மலக்ரிடா என்ற இயேசு சபைக் குரு எழுதிப் பரப்பினார். 2010 ஜனவரியில் ஹெய்ட்டி அதிர்ந்தபோது பேராலயம் இடிந்தது. பேராயர் ஜோசப் செர்ஜ் மியோவும் மாண்டார். ஜெபித்துக்கொண்டிருந்தவர்களையும் அவர்களுடைய மேய்ப்பனையும் சேர்த்தே கொல்வதை நியாயத்தீர்ப்பு என்று சொல்வோமானால், நாம் ஆராதிக்கிற நீதிபரரைப் பற்றி என்ன சாட்சி சொல்கிறோம்?

ஹெய்ட்டியை உலுக்கிய நடுக்கத்தின் அளவு 7.0, அதிலே லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த மாதமே சிலி நாட்டில் 8.8 அளவில், அதைவிடப் பல நூறு மடங்கு ஆற்றலோடு பூமி அதிர்ந்தது. இறந்தவர்கள் 500 சொச்சம் பேர். ஹெய்ட்டியின் நடுக்கம் தலைநகருக்கு மிக அருகில் நிகழ்ந்தது என்பது உண்மைதான். ஆனாலும் நிலநடுக்கத்தைத் தாங்கும்படி கட்டவேண்டும் என்ற சட்டம் ஒரு நாட்டில் நடைமுறையில் இருந்ததும், இன்னொரு நாட்டின் ஏழைகள் பலமற்ற கான்கிரீட்டின் கீழே படுத்துறங்கியதும் இந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு வகித்தன. பாவத்தைப் பற்றிப் பிரசங்கித்தே ஆகவேண்டும் என்றால் இதைப் பிரசங்கியுங்கள். ஏழையின் வீட்டுக்கு நல்ல கம்பியும் சிமெண்டும் போய்ச் சேராமல் தடுத்தவர்களைக் கண்டிக்கும் துணிவு, ஏழைகளை ஒடுக்கியவர்களைக் கடிந்துகொண்ட தீர்க்கதரிசி ஆமோசுக்கு இருந்திருக்கும்.

ஆமோசைச் சொன்னதும், தீர்க்கதரிசிகள் பேரழிவுகளைத் தேவனுடைய செயலாக அறிவித்தார்களே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் புஸ்தகத்தின் முதல் வசனத்தைப் பாருங்கள்: பூமியதிர்ச்சி உண்டாவதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னே அவர் பேசினார். கேட்கிறவர்கள் திரும்புவதற்குக் காலம் இருந்தபோது, அதிகாரம் உள்ளவர்களின் முகத்துக்கு நேரே பேசினார். எல்லாம் முடிந்தபின் பிணங்களைச் சுட்டிக்காட்டி விளக்கம் சொல்வது அந்த ஊழியம் ஆகாது. சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைப் பற்றி ஆண்டவர் பேசியபோதும், அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்ல என்று தெளிவாகச் சொன்னார். மனந்திரும்புங்கள் என்ற எச்சரிப்பையும் அவர் அங்கே சொன்னார். ஆனால் அது உயிரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்த எல்லாருக்கும் சொல்லப்பட்டது, செத்தவர்கள் மேல் சுமத்தப்படவில்லை.

இதே காயத்தை நல்லெண்ணத்தோடும் உண்டாக்கிவிடுகிறோம். ஒரு வெள்ளத்துக்குப் பின் நடந்த ஆராதனையில் ஒரு சகோதரர் எழுந்து, தெருவெல்லாம் மூழ்கியும் தன் வீட்டு வாசற்படியோடு கர்த்தர் தண்ணீரை நிறுத்தினார் என்று சாட்சி சொன்னார். சபை கைதட்டி அல்லேலூயா என்றது. இரண்டு வரிசை பின்னால், அதே தெருவில் மகனைப் பறிகொடுத்த தாய் உட்கார்ந்திருந்தார். அவர் அழவில்லை. மடியிலிருந்த பாட்டுப் புஸ்தகத்தை மூடினார், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார், காணிக்கைப் பாட்டு தொடங்குமுன் எழுந்து போய்விட்டார். அந்தச் சகோதரரின் நன்றி உண்மையானது. அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் உன் பிள்ளைக்காகக் கர்த்தர் அப்படிச் செய்யவில்லை என்ற செய்தியும் அந்தத் தாய்க்கு அதே சாட்சியில் சொல்லப்பட்டுவிட்டது. சாட்சி நேரத்தை நடத்துகிறவர்கள் இதை முன்னதாகவே யோசித்திருக்க வேண்டும்.

அப்படியானால் தேவன் எங்கே என்று கேட்கிறவர்களுக்கு நாம் என்ன சொல்வது? யோபுவின் பிள்ளைகள் பெருங்காற்றில் வீடு இடிந்து மாண்டபின், அவனுடைய நண்பர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல ஊழியர்கள். வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகே பிசகினார்கள். முடிவில் கர்த்தர், யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று அவர்களைத்தான் கடிந்துகொண்டார். தம்மிடம் வழக்காடியவனை அல்ல. நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் மரித்திருக்கமாட்டானே என்று லாசருவை இழந்த சகோதரிகள் மார்த்தாளும் மரியாளும் முறையிட்டபோது ஆண்டவர் அவர்களைக் கண்டிக்கவில்லை. கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். ஏன் என்னைக் கைவிட்டீர் என்ற கேள்வியைச் சிலுவையில் தாமே கேட்டார். கிறிஸ்தவனுக்கு இடிபாடுகளின் நடுவே தேவனைத் தேட வேறு இடம் இல்லை என்றே நான் நம்புகிறேன்: அவர் அந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களின் பக்கத்தில் இருக்கிறார். 2011-இல் ஜப்பானை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கியபின், ஏன் இவ்வளவு பயப்படவேண்டியிருக்கிறது என்று கேட்ட ஏழு வயதுச் சிறுமிக்குப் பெரிய வெள்ளியன்று ஒளிபரப்பான நிகழ்ச்சியில் போப் பதினாறாம் பெனடிக்ட், தமக்கும் அதே கேள்விகள் உண்டு, பதில் இல்லை, ஆனால் குற்றமற்ற இயேசு உன்னைப் போலவே துன்பப்பட்டார் என்ற கருத்தில் பதிலளித்தார். தமக்குப் பதில் தெரியாது என்று ஒரு பிள்ளையிடம் ஒத்துக்கொண்டதால் அவருடைய அதிகாரம் குறைந்துபோகவில்லை.

ஆகையால் அந்த முதல் ஞாயிற்றுக்கிழமையில் துதிப் பாடல்களுக்கு முன்பாகப் புலம்பலுக்கு இடம் கொடுங்கள். ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் இருளிலேயே முடிகிற 88-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள்; அதை வேதத்துக்குள் வைத்திருக்கிறவர் நாம் அதைச் சொல்லி அழுவதையும் பொறுத்துக்கொள்வார். இறந்தவர்களின் பெயர்களை, எந்த மதத்தவராக இருந்தாலும், குடும்பத்தாரின் சம்மதத்தோடு ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபியுங்கள். நிவாரணப் பொருளை வாங்க நிற்கிறவரிடம் ஞானஸ்நானம் பெற்றவரா என்று கேட்கவேண்டாம். நல்ல சமாரியன் அடிபட்டுக் கிடந்தவனிடம் எதையும் கேட்கவில்லை. நிவாரண வண்டிகள் திரும்பிப் போனபிறகும், பள்ளிகள் திறந்தபிறகும், அந்த வீடுகளுக்குப் போய்க்கொண்டிருங்கள். முதலாம் ஆண்டு நினைவு நாளைச் சபையின் நாட்குறிப்பில் இன்றே குறித்துவையுங்கள். அன்றைக்கு யார் யாரைப் போய்ப் பார்ப்பது என்பதையும் மூப்பர்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சபையின் விசுவாசி ஒருவர்